சமையல் எண்ணெய் ஆலைக் கழிவுகள்: டர்பன் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் தெற்குப் பகுதியில் ஜேக்கப்ஸ், மொபெனி, ஐசிப்பிங்கோ பக்கம் தொழிற்சாலைகளில் நம்மவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவற்றைச் சுற்றியே குடியும் இருக்கிறார்கள். சமையல் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கழிவுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அது தெரிந்ததும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஆட்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

எண்ணெய் ஆலையில் அப்படி என்ன கழிவு? விதையைப் பிழிந்தால் எண்ணெயும் புண்ணாக்கும்தானே வரும்?

பிழிகிற ஆலையில் அவ்வளவுதான். புண்ணாக்கு கழிவே இல்லை, மாட்டுக்கும் கோழிக்கும் நல்ல விலைக்குப் போகிறது. சூரியகாந்தி விதையின் தோலைப் பாய்லரில் எரித்து நீராவி எடுக்கிறார்கள். அந்தச் சாம்பலில் பொட்டாசியம் இருப்பதால் நிலத்துக்கும் ஆகும்.

நான் சொல்வது அதற்கு அடுத்த கட்டம். ஃப்ரீ ஸ்டேட், நார்த் வெஸ்ட் மாகாணங்களின் சூரியகாந்தி எண்ணெயானாலும், துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பாமாயிலானாலும், கச்சா எண்ணெயை அப்படியே பாட்டிலில் அடைக்க முடியாது. முதலில் பசையை எடுக்கிறோம். பிறகு காஸ்டிக் சோடா என்ற காரம் சேர்த்துப் புளிப்பை, அதாவது தனிக் கொழுப்பு அமிலத்தை எடுக்கிறோம். வெளுப்பு மண் சேர்த்து நிறத்தை எடுக்கிறோம். சூரியகாந்தியானால் குளிர வைத்து மெழுகையும் எடுக்க வேண்டும். கடைசியில் வெற்றிடத்தில், 220 முதல் 260 டிகிரி வரை சூட்டில், நீராவி விட்டு வாடையை எடுக்கிறோம். ஒவ்வொரு கட்டமும் ஒரு மிச்சத்தைக் கீழே விடுகிறது: பசை, சோப்ஸ்டாக் (காஸ்டிக்கும் புளிப்பும் சேர்ந்து வரும் சோப்புக் குழம்பு), எண்ணெய் ஊறிய மண், மெழுகுக் கசடு, வாடையை எடுக்கிற டியோடரைசரின் வடிப்பு. அதோடு இவை எல்லாவற்றையும் கழுவிய தண்ணீர்.

இதெல்லாம் விஷமா? மெரிபேங்க்கில் இருக்கிறோம், பயப்பட வேண்டுமா?

‘ரிஃபைனரி’ என்றதும் அந்தப் பக்கத்து மக்களுக்குப் பெட்ரோல் ஆலைகள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. சமையல் எண்ணெய் ஆலையில் வருவது அந்த வகைக் கழிவு அல்ல. விதையிலும் கொட்டையிலும் இருந்த பொருள்கள்தான் பெரும்பாலும் மிச்சமாக வருகின்றன.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். எண்ணெய் ஊறிய மண் தானாகத் தீப்பிடிக்கும். கழிவுநீர் ஆற்றில் போனால் மீன் சாகும். திறந்து கிடக்கிற சோப்ஸ்டாக் இரண்டு நாளில் தெருவுக்கே நாறும். நிக்கல் மட்டும் உண்மையிலேயே நஞ்சு; அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பக்கம் வாடையோ புகையோ வந்தால், எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று குறித்து வைத்து மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். அந்த மூன்று விவரமும் இருந்தால்தான் எந்த ஆலை என்று பிடிக்க முடியும்.

ஸ்பென்ட் எர்த் என்கிறார்களே, கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்குமே, அதுவா?

அதுதான், எண்ணெய் ஊறிய மண். வெளுப்பு மண் என்பது அமிலத்தால் பதப்படுத்திய பென்டோனைட் களிமண். வரும்போது வெள்ளையாக, மாவு போல இருக்கும். சூடான எண்ணெயில் கலந்தால் நிறத்தையும் மிச்சம் மீதி சோப்பையும் உலோகத் துகளையும் பிடித்துக்கொள்ளும். பிறகு ஃபில்டரில் தங்கிவிடும். ஃபில்டரைத் திறந்து உதிர்க்கும்போது கரும்பழுப்பாக விழும்.

அது நிறத்தோடு எண்ணெயையும் குடித்துவிடுகிறது. கசடில் 20 முதல் 40 சதவீதம் வரை எண்ணெய் இருக்கலாம். ஒரு கணக்கு போடுவோம். 100 டன் எண்ணெய்க்கு 1 சதவீதம் மண் என்றால் 1,000 கிலோ. கசடில் கால்வாசி எண்ணெய் என்று வைத்தால் வெளியே வருவது 1,333 கிலோ. அதில் 333 கிலோ எண்ணெய். நல்ல எண்ணெய்க்குக் கொடுத்த விலையைக் கொடுத்து வாங்கிய 333 கிலோ அது, குப்பை லாரியில் ஏறிப் போகிறது. முதலாளிகளிடம் கழிவைப் பற்றிப் பேச இந்த ஒரு கணக்கு போதும்.

யாரும் தீ வைக்காமலே அந்தக் குவியல் எரிகிறதாமே, நிஜமா?

நிஜம். மண் மிக நுண்ணியது, அதன் மேல் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. காற்றின் ஆக்சிஜன் அந்தப் படலத்தோடு சேரும்போது சூடு பிறக்கிறது. குவியல் பெரிதாக இருந்தால் சூடு வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற வேகமும் ஏறும், கடைசியில் உள்ளுக்குள் கனலத் தொடங்கும். சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் பாமாயிலைவிட வேகமாக ஆக்சிஜனோடு சேர்பவை. அதனால் நம் ஊரில் சூரியகாந்தி ஓடுகிற நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். பிப்ரவரி வெயிலில் கேட்கவே வேண்டாம்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல் பக்கம் காய்ந்து, சாம்பல் நிறத்தில் ஓடு கட்டியிருக்கும், தொட்டாலும் சுடாது. நீளமான இரும்புக் கம்பித் தெர்மாமீட்டரை நடுவில் செருகி இழுத்தால்தான் விஷயம் தெரியும். கம்பியின் நுனியைப் பிடிக்க முடியாது, துளையிலிருந்து ஆவியும் பழைய வார்னிஷ் மாதிரி ஒரு காரமான வாடையும் வரும். அந்த வாடை வந்துவிட்டால் ஆற அமர யோசிக்க நேரமில்லை.

இதைத் தடுப்பது சுலபம். ஃபில்டரிலிருந்து விழும்போதே தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடுங்கள். குவித்து வைக்காதீர்கள். அன்றைக்கு வந்ததை அன்றைக்கே அனுப்பப் பாருங்கள். எண்ணெய்த் துணி, அட்டை, மரப் பலகை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை நிரம்பிய தொட்டியைத் திங்கள் வரை அப்படியே விட்டுப் போவதுதான் நான் பார்த்ததில் மிக மோசமான பழக்கம்.

சரி, புகை வர ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வது?

லோடரை எடுத்துக் குவியலைக் கிளறாதீர்கள். உள்ளே காற்று போனதும் குப்பென்று பிடித்துக்கொள்ளும். தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு வெளியிலிருந்து நனையுங்கள். அப்புறம் தண்ணீர்க் குழாய் தயாராக இருக்கும்போது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மெல்லிசாகப் பரப்பி நனைக்க வேண்டும். புகையைச் சுவாசிக்காதீர்கள். ஓடி வரும் தண்ணீரில் எண்ணெய் இருக்கும், மழைநீர் வாய்க்காலின் வாயை முதலில் அடைத்துவிடுங்கள்.

அந்த 333 கிலோ எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாதா?

முழுவதையும் எடுக்க முடியாது. ஆனால் பாதிப் பேர் முதல் படியையே சரியாகச் செய்வதில்லை. ஃபில்டரைத் திறப்பதற்கு முன் நீராவியோ நைட்ரஜனோ விட்டு நன்றாக ஊத வேண்டும். அவசரத்தில் அந்த நேரத்தைக் குறைத்தால் எண்ணெய் அப்படியே மண்ணோடு போய்விடும். இதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம்.

அடுத்தது ஹெக்சேன் மாதிரிக் கரைப்பானால் எடுப்பது. அதைப் பெரிய அளவில், பல ஆலைகளின் மண்ணைச் சேர்த்துச் செய்தால்தான் கட்டும். வெடிக்கும் தன்மையுள்ள கரைப்பானைச் சின்ன ஆலையில் வைத்து விளையாடக் கூடாது. எப்படி எடுத்தாலும், காற்றுப் பட்டுப் பழசான அந்த எண்ணெய் சாப்பாட்டுக்கு ஆகாது. பயோடீசலுக்கும் சோப்புக்கும் போகும்.

செங்கல் சூளைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்களா?

வாங்கலாம். இதில் இருப்பது களிமண்ணும் எரிபொருளும். சூளைக்குத் தேவைப்படுவதும் அவை இரண்டும்தான். செங்கல் மண்ணில் சிறிதளவு கலந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் எரிந்து நிலக்கரியை மிச்சப்படுத்தும், கல்லும் கொஞ்சம் எடை குறையும். அதிகமாகக் கலந்தால் கல்லின் நடுவில் கறுப்பு நின்றுவிடும், வெடிப்பு விழும், புகையும் கூடும். அதனால் சூளைக்காரர் சின்ன அளவில் சுட்டுப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். சிமென்ட் சூளையும் நல்ல வழி. அங்கே சூடு மிக அதிகம் என்பதால் எண்ணெய் முழுதாக எரிந்துவிடும், மண்ணும் சிமென்ட்டிலேயே சேர்ந்துவிடும்.

இரண்டிலும் நினைவில் வைக்க வேண்டியது: போகிற வழியிலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் அந்த மண் தீப்பிடிக்கக்கூடியதுதான். மேலே தீ பற்றிச் சொன்னதை வாங்குகிறவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அண்ணா, தோட்டத்துக்கு ஒரு பேக்கி (பிக்-அப் வண்டி) லோடு கொடுங்களேன், எருவாகப் போடுகிறேன்.

சாட்ஸ்வர்த்தில் மட்டும் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்! முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்லது செய்யத்தான் கேட்கிறீர்கள். ஆனால் பச்சையாகப் போட்டால் எண்ணெய் மண்ணைத் தண்ணீர் இறங்காதபடி செய்துவிடும். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் நிலத்திலிருக்கிற நைட்ரஜனையும் பிடித்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். வீட்டுச் சுவரோரம் குவித்து வைத்தால் தீ பயம் வேறு.

மக்க வைத்தால் கதை வேறு. கோழி எரு, இலை தழை, மரத்தூள் இவற்றோடு சிறு பங்காகக் கலந்து, அடிக்கடி புரட்டி, ஈரம் பார்த்து மக்க வைத்தால் எண்ணெய் கரைந்து போகும். களிமண் மிஞ்சும், மணற்பாங்கான நிலத்துக்கு அது நல்லதுதான். இதை ஆலையும் உர ஆலையும் சேர்ந்து செய்ய வேண்டும், வீட்டுக் கொல்லையில் வேண்டாம். உரம் என்று விற்பதானால் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தில் பதிவு வேண்டும். தீவனத்துக்கும் அதே சட்டம்தான்.

சோப்ஸ்டாக் என்றால் சோப்புதானே? நேராகவே கட்டி போட்டு விற்கலாமே?

பாதி தண்ணீர், மீதியில் சோப்பு, அதோடு மாட்டிக்கொண்ட நல்ல எண்ணெய், பசை, நிறம் எல்லாம் சேர்ந்த குழம்பு அது. நேராகக் கட்டி போட்டால் கருமையாக, நாற்றமாக, ஈரம் விடாமல் இருக்கும். மிஞ்சிய காஸ்டிக் கையையும் அரிக்கும். துணி சோப்பு செய்கிறவர்கள்கூடப் பெரும்பாலும் அதிலிருந்து எடுத்த ஆசிட் ஆயிலைத்தான் வாங்குகிறார்கள்.

ஆசிட் ஆயில் எடுப்பது இப்படி: சோப்ஸ்டாக்கை 90 டிகிரிக்குச் சூடாக்கி, கந்தக அமிலம் விட்டு, பிஎச் 3க்குப் பக்கத்தில் கொண்டுவந்து அசையாமல் விடுகிறோம். மேலே கரும்பழுப்பு எண்ணெய் நிற்கும், கீழே தண்ணீர் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் பஞ்சு மாதிரி ஒரு பழுப்புப் படலம் நிற்கிறதே, அதுதான் இந்த வேலையின் தலைவலி. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பசை பிடித்து வைத்திருப்பதால் வருவது அது. அது தடிமனாக வந்தால் அமிலத் தொட்டியில் குற்றம் தேடாதீர்கள். முதல் கட்டத்தில் பசையைச் சரியாக எடுக்கவில்லை என்று பொருள்.

அந்தப் பசையைத் தனியாக எடுத்து உலர்த்தினால் லெசித்தின். சாக்லேட்டிலும் பிஸ்கெட்டிலும் போடுகிற அதே பொருள். சோயா எண்ணெயில் 2 முதல் 3 சதவீதம் வரை கிடைக்கும். உலர்த்தும் வசதி இல்லாவிட்டால் பக்கத்தில் விதை பிழிகிற ஆலையின் புண்ணாக்கில் சேர்த்துவிடலாம்.

ஆசிட் ஆயில் எடுத்த பிறகு கீழே நிற்கிற தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் போதாதா?

எந்தச் சாக்கடை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முற்றத்தில் இரண்டு மூடிகள் இருக்கும். ஒன்று கழிவுநீர்க் குழாய். அது மாநகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மற்றது மழைநீர் வாய்க்கால். அது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. இரண்டாவதில் ஒரு வாளிகூட விடக் கூடாது. மூடிகளுக்கு இரண்டு நிறத்தில் பெயின்ட் அடித்து வையுங்கள், இரவு ஷிஃப்ட்டில் புதிதாக வந்த பையனுக்கும் தெரியும்.

கழிவுநீர்க் குழாயில் விடுவதற்கும் மாநகராட்சியின் அனுமதி வேண்டும், அதில் அளவுகள் எழுதியிருக்கும். கந்தக அமிலம் போட்டதால் அந்த நீரில் சல்ஃபேட் நிறைய. குழாய்க்குள் காற்றில்லாத இடத்தில் அது அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவாகி, பின் மறுபடி அமிலமாகிக் கான்கிரீட்டையே அரிக்கும். எண்ணெய் மிச்சம் இருந்தால் குழாயில் உறைந்து அடைக்கும். எனவே எண்ணெயைப் பிடித்து, காற்றுக் குமிழி விட்டு மிதக்கவைத்து வழித்து, பிஎச் சரிசெய்து, அதன் பிறகே விட வேண்டும்.

காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டால் இந்த நீரைப் பொட்டாசியம் உரமாக மாற்ற வழி உண்டு. செலவு கூடும், ஆனால் கரும்பும் காய்கறியும் விளைகிற இந்த மாகாணத்தில் யோசித்துப் பார்க்கத் தக்கது. பாமாயிலுக்குக் காஸ்டிக்கே இல்லாமல் நீராவியால் புளிப்பை எடுத்துவிடலாம், சோப்ஸ்டாக்கே வராது.

ஆசிட் ஆயிலைக் கோழித் தீவனத்தில் கலக்கிறார்களே, அது நல்லதா?

உணவு எண்ணெயிலிருந்து மட்டுமே வந்தது, பதிவு உண்டு, பரிசோதனை உண்டு என்றால் கலக்கலாம். பல நாடுகளில் வழக்கம்தான். பயம் எங்கே என்றால், தொழிலுக்கான கொழுப்பும் தீவனக் கொழுப்பும் ஒரே டேங்கரில், ஒரே தொட்டியில் கலப்பதில்தான். 1999இல் பெல்ஜியத்தில் தீவனக் கொழுப்பில் பிசிபி என்ற நச்சுத் தொழிற்சாலை எண்ணெய் கலந்து, கோழியும் முட்டையும் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. 2010 கடைசியில் ஜெர்மனியில் தொழிலுக்கென வைத்திருந்த கொழுப்பு அமிலம் தீவனத்துக்குப் போய், டையாக்சின் என்ற நஞ்சு காரணமாக ஆயிரக்கணக்கான பண்ணைகளை மூட வேண்டி வந்தது. டேங்கர் வந்ததும் இதற்கு முன் என்ன ஏற்றினாய் என்று கேட்டு, கழுவிய சான்றைக் கையில் வாங்காமல் வால்வைத் திறக்காதீர்கள்.

டியோடரைசரில் வடிகிறது நல்ல விலை போகிறதாமே?

போகிறது. வைட்டமின் ஈயும் ஸ்டெரால்களும் அதில் சேர்கின்றன, மருந்துக்கும் சத்துப் பொருளுக்கும் எடுக்கிறார்கள். சோயா, சூரியகாந்தி வடிப்புக்கு மதிப்பு அதிகம். விதையில் இருந்த பூச்சிமருந்து மிச்சமும் அதே வடிப்பில்தான் வந்து குவியும் என்பதால் இதைத் தீவனத்துக்கு விடக் கூடாது. மற்ற எதனோடும் கலக்காமல் மூடிய தொட்டியில் வைத்தால்தான் விலை. ஒரு டிரம் சோப்ஸ்டாக் விழுந்தால் முழுத் தொட்டியும் ஆசிட் ஆயில் விலைக்கு இறங்கிவிடும்.

நிக்கல் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே?

எண்ணெயைக் கெட்டியாக்க நிக்கல் வினையூக்கி போடுவார்கள். அரைகுறையாகக் கெட்டியாக்கினால் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும். 2011இல் தென்னாப்பிரிக்கா டிரான்ஸ் கொழுப்பை 100 கிராம் எண்ணெய்க்கு 2 கிராம் என்று கட்டுப்படுத்திய பிறகு அரைகுறையாகக் கெட்டியாக்கும் பழைய முறைக்கு இடமில்லை. எங்காவது இருந்தால், அந்த நிக்கல் கசடை மூடிய டிரம்மில் தனியாக வைத்து, உலோகத்தை மீட்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். வெளுப்பு மண்ணோடு கலந்துவிட்டால் அந்த மண் செங்கலுக்கும் ஆகாது, எருவுக்கும் ஆகாது.

காவடி சமையலில் பொரித்த எண்ணெய் மிஞ்சுகிறது. உங்கள் ஆலையிலேயே வெளுத்துத் திருப்பிக் கொடுக்கலாமே?

கூடாது. மண் நிறத்தை எடுக்கும், டியோடரைசர் வாடையை எடுக்கும். பொரிக்கும்போது எண்ணெய் மூலக்கூறுகள் ஒட்டிப் பிறந்த பாலிமர்களை இரண்டும் எடுக்காது. பார்வைக்குப் புது எண்ணெய், உள்ளே பழசு. நம் நாட்டு விதிப்படி, எண்ணெய் சிதைந்து உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தையோ பாலிமர்கள் 16 சதவீதத்தையோ தாண்டிய எண்ணெய் சமையலுக்கு ஆகாது. ஏழைகள் வாங்கும் மலிவு பாட்டில்களில் இப்படி வெளுத்த எண்ணெய் வருவதைப் பற்றி இங்கே பல காலமாகப் புகார் உண்டு. லேபிள் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

1981இல் ஸ்பெயினில், தொழிலுக்கென்று அனிலின் கலந்து இறக்கிய கடுகு வகை எண்ணெயைச் சுத்திகரித்துத் தெருவில் சமையலுக்கு விற்றார்கள். சுமார் 20,000 பேர் நோயில் விழுந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கோயில் எண்ணெயைச் சல்லடையில் வடிகட்டி, மூடியுள்ள டின்னில் சேர்த்து, பயோடீசலுக்கு எடுக்கிற பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

விற்றுவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது, அது சரக்குதானே?

காசு வாங்கியதால் மட்டும் அது சரக்காகிவிடாது. 2008ஆம் ஆண்டின் கழிவுச் சட்டம் 16ஆம் பிரிவில், கழிவை வைத்திருப்பவர் எல்லோருக்கும் பொறுப்பு வைக்கிறது. 2013 விதிகளின்படி ஆலைதான் தன் கழிவைச் சான்ஸ் 10234 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரத்தின்படி வகைப்படுத்த வேண்டும், பதிவேடுகளை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஒரு கழிவு குறிப்பிட்ட பயனுக்குப் போகும்போது அதைக் கழிவு என்ற வரையறையிலிருந்து விலக்கக் கோரி விண்ணப்பிக்க 2018இல் தனி விதி வந்தது. செங்கல் வழிக்குப் போக நினைக்கிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஆலைப் பெயர் போட்ட மண் ஒரு ஆற்றங்கரையில் கிடந்தால் அதிகாரி முதலில் உங்கள் கதவைத்தான் தட்டுவார். எடுத்துப் போகிறவர் எங்கே இறக்குகிறார் என்று ஒரு முறையாவது லாரிக்குப் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

தொல்லையே வேண்டாம், எல்லாவற்றையும் குப்பைமேட்டுக்கே அனுப்பிவிட்டால்?

அந்தக் கதவு மூடிக்கொண்டே வருகிறது. தீப்பிடிக்கும் கழிவை மேட்டில் கொட்டவே கூடாது. திரவக் கழிவுக்கு 2019 ஆகஸ்டிலிருந்து தடை. ஆபத்தான கழிவு என்று வகைப்பட்டதில் கிலோவுக்கு 10 மெகாஜூலுக்கு மேல் எரிசக்தி இருந்தால் 2025 ஆகஸ்டிலிருந்து தடை. 2028 ஆகஸ்டிலிருந்து அதில் மொத்தக் கரிமக் கார்பன் 6 சதவீதத்தைத் தாண்டினாலே தடை. கால்வாசி எண்ணெய் உள்ள காய்ந்த மண் 10 மெகாஜூலை ஒட்டி நிற்கும். அதாவது ஃபில்டரை ஊதுகிற நேரத்தைக் குறைத்தால் இன்றைக்கே எல்லையைத் தாண்டிவிடலாம்.

எங்களுடையது சின்ன ஆலை, பணமும் அதிகம் இல்லை. முதலில் எதைச் செய்வது?

முதலில் கலப்பதை நிறுத்துங்கள். மண்ணுக்கு ஒரு தொட்டி, சோப்ஸ்டாக்குக்கு ஒன்று, வடிப்புக்கு ஒன்று, தரையைக் கழுவிய கசடுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மூடியும் பெயரும். இது வாரக் கடைசியில் முடிகிற வேலை. இவ்வளவு நேரம் சொன்ன ஒவ்வொரு வழியும் பிரித்து வைத்த பொருளுக்குத்தான் பொருந்தும்.

அப்புறம் மண்ணின் அளவைப் பாருங்கள். பல இடங்களில் வழக்கமாகப் போடுகிற மூட்டைக் கணக்குதான் ஓடுகிறது, எண்ணெயின் நிறத்தைப் பார்த்து யாரும் போடுவதில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பீக்கர் எண்ணெயை எடுத்து, குறைந்த மண்ணில் வெளுத்துப் பார்த்துவிட்டு அளவைச் சொல்லுங்கள். பசையை நன்றாக எடுத்து, சோப்பைச் சுத்தமாகக் கழுவியிருந்தால் மண் இன்னும் குறையும். மண் குறைந்தால் எண்ணெய் இழப்பும் தீ பயமும் லாரிக் கூலியும் குறையும். தினமும் எடை போட்டு எழுதுங்கள். மூன்று மாத எடைச் சீட்டு கையில் இருந்தால் சூளைக்காரரோடும் மாநகராட்சியோடும் உட்கார்ந்து பேசலாம்.